உப்பும் உமியும்

ஆராய்ச்சிக்கூடம் என்றதும் நம்மில் பலருக்கு மனக்கண்முன் ஒரு படம் வந்து நிற்கிறது. வெள்ளை அங்கி தரித்த ஒரு பேர்வழி. கையிலே ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள்ளே பச்சையாகவோ நீலமாகவோ ஏதோ ஒரு திரவம். அவருக்குச் சாப்பாட்டு வேளை தெரியாது. மனைவியின் பெயர்கூடச் சமயத்தில் மறந்துபோகும். சினிமாக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த விஞ்ஞானி இவர்தான்.

இந்த மனிதருக்கும் நம் வீட்டு அரிசிப் பானைக்கும் சம்பந்தம் உண்டா? ஒரு சீமையின் பிழைப்பையே ஓர் ஆராய்ச்சிக்கூடம் மாற்றிவிட முடியுமா? "முடியும், முடியும்" என்று கட்டடத் திறப்பு விழாக்களில் மந்திரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். அடியோடு தள்ளவும் வேண்டாம். தஞ்சாவூர்ச் சீமையில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

★

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகும் ரயில் பாதையில் ஆடுதுறை என்று ஓர் ஊர் வரும். 1922-ம் வருஷம் அங்கே ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இன்று அதற்குத் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையம் என்று பெயர். கடையிலே "ஏ.டி.டி. 36", "ஏ.டி.டி. 43" என்று விதை நெல் வாங்குகிறார்களே, அந்த ஏ.டி.டி. என்பது ஆடுதுறையின் சுருக்கம்தான்.

காவிரி டெல்டாவின் விவசாயம் மேட்டூரைப் பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயம். 1934-ல் அந்த அணை கட்டி முடிந்ததிலிருந்து, ஜூன் 12-ந் தேதி கதவு திறக்குமா என்பதுதான் தஞ்சாவூர்க்காரர்களின் பெரிய கேள்வி. திறந்தால் குறுவை உண்டு. குறுவை அறுத்த வயலிலேயே தாளடியும் உண்டு. திறக்காவிட்டால் ஒரு போகச் சம்பாவோடு திருப்தி அடைய வேண்டியதுதான். ஆகையால், சீக்கிரம் விளைந்து நிறையக் காணும் ஒரு குறுவை நெல் கிடைத்தால் அது ஒரு வரப்பிரசாதம்.

1950-களில், உலக உணவு விவசாய ஸ்தாபனத்தின் ஆதரவில், ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த கட்டாக்கில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் தேசத்து நெல்லையும் கலந்து புது ரகம் உண்டாக்கும் முயற்சி. கலியாணங்கள் பல நடந்தன; பொருந்தியவை சிலவே. பொருந்தியவற்றில் ஒன்று, ஜப்பானிய நோரின் 10 என்னும் ரகத்துக்கும் கோயமுத்தூர் ஆராய்ச்சியாளர்கள் முன்பே தேர்ந்தெடுத்திருந்த ஜி.இ.பி. 24 என்னும் ரகத்துக்கும் நடந்த சம்பந்தம். ஆடுதுறைப் பண்ணையில் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, 1960-களின் நடுவில் அதை ஏ.டி.டி. 27 என்று வெளியிட்டார்கள். வயது ஏறக்குறைய 105 நாள். உரத்தைத் தாங்கி விளையக்கூடியது.

அதே முயற்சியின் இன்னொரு குழந்தை மலேயாவில் வளர்ந்தது. 1965-ல் அங்கே மசூரி என்று பெயர் பெற்றது. பிற்பாடு நம் பக்கம் வந்து, காவிரிக்கே உரிய பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. ஆமாம், உங்கள் வீட்டுப் பொன்னி அரிசியைத்தான் சொல்கிறேன். காவிரிக் கரையின் பரம்பரைச் சொத்து என்று எண்ணிக்கொண்டிருந்தோம்; கடல் கடந்து வந்த மருமகள் அது!

ஏ.டி.டி. 27-க்கு வருவோம். 1960-ல் தொடங்கிய தீவிர விவசாயத் திட்டத்துக்கு இந்தியா முழுவதிலும் முதலில் பொறுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், கடன், யோசனை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுக்கும் திட்டம். "பாக்கேஜ் திட்டம்" என்றே கிராமங்களில் அதைச் சொன்னார்கள். திருச்சி வானொலி நிலையம் 1966-ல் இந்தப் புது நெல்லைப்பற்றிக் கிராம நிகழ்ச்சிகளில் ஓயாமல் பேசியது. நாற்று விடுவது எப்படி, உரம் எப்போது போடுவது என்றெல்லாம் ரேடியோப் பெட்டி சொல்லச் சொல்ல, குடியானவர்கள் கேட்டு நட்டார்கள். கடைசியில் அந்த நெல்லுக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆராய்ச்சியாளர் வைத்த பெயர் ஏட்டில் இருந்தது; ஜனங்கள் வைத்த பெயர்தான் வயலில் நின்றது.

★

கதை இங்கேயே முடிந்திருந்தால், "விஞ்ஞானம் வாழ்க!" என்று சொல்லிவிட்டு நாம் காபி சாப்பிடப் போகலாம். ஆனால் தஞ்சாவூர்க் குறுவைக்கு ஒரு சங்கடம் உண்டு. ஜூனில் விதைத்த நெல் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுப்புக்கு வருகிறது. ஐப்பசி அடைமழையும் ஏறக்குறைய அதே சமயத்தில் வந்து சேருகிறது.

முன்பும் குறுவை இருந்தது, மழையும் இருந்தது. ஆனால் அப்போது விளைச்சல் குறைவு. இப்போதோ களம் கொள்ளாத நெல். வெயில் இல்லை. காயப் போட இடமில்லை.

நெல் ஓர் உயிருள்ள வஸ்து. அதுவும் மூச்சு விடுகிறது. நூறு கிலோ நெல்லில் 14 கிலோவுக்குள் தண்ணீர் இருந்தால் அது அடங்கித் தூங்கும், மாதக்கணக்கில் கெடாது. மழையில் அறுத்த நெல்லில் தண்ணீர் 25 கிலோவுக்குக்கூடப் போகும். அதைக் குவித்து வைத்தால் உள்ளே உஷ்ணம் ஏறுகிறது. குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுடும். பிறகு பூஞ்சணம் பூக்கும், அரிசி மஞ்சளாகும், சில நாளில் மூட்டைக்குள்ளேயே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முளை கட்டிய பயறென்றால் சுண்டல் செய்யலாம். முளை கட்டிய நெல்லை என்ன செய்வது?

ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் வெற்றி இன்னோர் ஆராய்ச்சிக்கு வேலை வைத்துவிட்டது. இது தஞ்சாவூருக்கு மட்டும் உள்ள விசேஷமில்லை. புதிதாக ஒன்று நன்றாக நடந்தால், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புதுத் தொல்லை ஒன்றும் வருவது உலக வழக்கம்.

மேல்நாட்டில் இதற்கு இயந்திரம் உண்டு. சூடான காற்றை ஊதி நெல்லைக் காயவைக்கும் இயந்திரம். நல்லதுதான், ஆனால் இரண்டு மா நிலம் வைத்திருக்கும் குடியானவர் அதை வாங்குவது எப்படி? எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் போவது எங்கே?

இந்த இடத்தில்தான் டாக்டர் வி. சுப்பிரமணியன் வருகிறார். 1950-ல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமானபோது அதன் முதல் டைரக்டர் அவர். எருமைப் பாலிலிருந்து பச்சைக் குழந்தைகளுக்கு ஏற்ற பால் மாவு செய்யும் முறையை அந்த நிலையம் அவர் காலத்தில்தான் கண்டது. எருமைப் பாலில் கொழுப்பு அதிகம். குழந்தையின் வயிற்றில் கட்டியாகத் திரண்டுவிடும் என்று பலர் கைவிட்ட காரியம் அது. அந்த முறையைக் குஜராத்தில் ஆனந்த் நகரத்துப் பால்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் கையில் எடுத்துக்கொண்டது. எருமை வைத்திருந்த ஏழைக் குடும்பங்களின் பால் நாடெங்கும் தகர டப்பாவில் விலை போயிற்று. ஆராய்ச்சி எப்படிப் பணமாகிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம் தேசத்தில் குறைவு.

ஓய்வு பெற்ற பின் இந்தப் பெரியவர் தஞ்சாவூர் நெல்லின் கஷ்டத்துக்கு ஒரு வழி சொன்னார். வழி என்ன தெரியுமா? உப்பும் உமியும்!

ஈர நெல்லோடு சாதாரண உப்பையும் உமியையும் கலந்து வையுங்கள் என்றார். இதைக் கேட்டு ஆண்கள் வேண்டுமானால் ஆச்சரியப்பட்டிருக்கலாம். நம் பெண்மணிகளுக்கு இது புதிதல்ல. மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறதே, ஏன்? உப்பு, காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. பூஞ்சணத்தையும் அண்டவிடாமல் துரத்துகிறது. நெல்லிலும் அதே கதைதான். வெளியே வந்த ஈரத்தை உமி வாங்கிக்கொள்கிறது. முளை தலைகாட்டுவதில்லை. வெயில் வருகிறவரைக்கும் நெல் தாக்குப் பிடிக்கும். அதன் பிறகு உமியைச் சலித்து எடுத்துவிட வேண்டியதுதான்.

இதில் இன்னொரு நயத்தைக் கவனியுங்கள். உப்புக்கு எங்கும் போக வேண்டாம். அதே சீமையில் வேதாரண்யத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. உமிக்கோ, ஒவ்வொரு அரிசி ஆலையின் பின்புறத்திலும் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஒரு ஜில்லாவின் கஷ்டத்துக்கு அந்த ஜில்லாவிலேயே மருந்து அகப்பட்டுவிட்டது. அதைக் கண்டு சொல்ல மட்டும் ஒரு படித்த மனிதர் தேவைப்பட்டார்.

★

1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையின் வளாகத்தில், கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் இடத்தில், ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. அதுவே நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. ஆலையின் சத்தத்துக்கு நடுவே ஆராய்ச்சி நடந்தது என்பதுதான் இதில் விசேஷம். மில்காரர், மூட்டை தூக்குகிறவர், நெல் கொண்டுவரும் குடியானவர் எல்லோரும் வந்து போகிற இடம். கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு கேள்வி, நம் மூக்கைப் பற்றியது. அந்தக் காலத்துப் புழுங்கலரிசியைச் சமைத்தவர்களுக்கு அதன் வாசனை ஞாபகம் இருக்கும். நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுவார்கள். தொட்டித் தண்ணீர் புளித்து நாறும். சோற்றிலும் அது தெரியும். மைசூர் நிலையத்தார், 70 டிகிரிச் சூட்டு வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் போதும், நாற்றமும் இல்லை என்று கண்டார்கள். திருவாரூர்க்காரர்கள் நீராவியை அழுத்தத்தோடு செலுத்தி இன்னும் நேரத்தைக் குறைத்தார்கள். இன்றைக்கு மருமகள் புழுங்கலரிசிச் சோற்றை முகம் சுளிக்காமல் பரிமாறுகிறாள் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி, தவிட்டைப் பற்றியது. பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒன்றாய் அரைபட்டுக் கலந்து வரும். அரிசியும் ஏராளமாக நொறுங்கும். கலந்த தவிடு மாட்டுக்குத்தான் ஆகும். ரப்பர் உருளை வைத்த புது ஆலையில் முதலில் உமி மட்டும் கழன்றுவிடும். பிறகு தீட்டும்போது தவிடு சுத்தமாகத் தனியே வரும். அந்தத் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. ஆனால் அரிசியை விட்டுப் பிரிந்த உடனேயே தவிட்டில் உள்ள ஒரு சத்து, எண்ணெயைக் கெடுக்க ஆரம்பித்துவிடும். சீக்கிரம் பக்குவம் செய்தாக வேண்டும். புழுக்கிய நெல்லின் தவிட்டில் அந்தத் தொல்லை குறைவு, எண்ணெயும் அதிகம். முன்பு மாட்டுத் தொட்டிக்குப் போனது, இன்று தவிட்டெண்ணெய் என்று பாட்டிலில் அடைபட்டுக் கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. உமி கொதிகலனுக்கு விறகாகிறது. ஒரு நெல் மணியில் ஒன்றுக்கும் உதவாத பாகம் என்று ஏதும் மிஞ்சவில்லை.

நெல்லை மூட்டையாகவே வெளியூருக்கு அனுப்பினால் ஒரு விலை. அதையே உள்ளூரில் புழுக்கி, அரைத்து, எண்ணெய் எடுத்து அனுப்பினால் வேறு விலை. அந்த இரண்டு விலைக்கும் நடுவே இருப்பதுதான் ஒரு சீமையின் பிழைப்பு. பொருளாதாரப் பண்டிதர்கள் இதைப் பெரிய வார்த்தைகளில் சொல்வார்கள், விஷயம் இவ்வளவுதான்.

★

பிழைப்பு யாருக்கு என்று ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதைக் கேட்காமல் போவது நியாயமல்ல.

ரேடியோ நெல் விளைந்த அந்த வருஷங்களில் நிலம் வைத்திருந்தவர்களின் களத்தில் மகசூல் ஏறியது. நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும், "எங்கள் கூலி ஏறவேண்டாமா?" என்று கேட்டார்கள். கிழக்குத் தஞ்சையில் கேள்வி சண்டையாக முற்றியது. 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கூலித் தொழிலாளர் குடும்பத்தார். எந்த விதையும் இந்தப் பாவத்தைச் செய்யவில்லை, மனிதர்கள் செய்தார்கள். ஆனால் விளைச்சல் கூடினால் நியாயமும் தானாகக் கூடிவிடும் என்று நினைப்பவர்கள் அந்தத் தேதியை மறக்கக் கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. அது அவ்வளவு வெளியே தெரியாத கணக்கு. நெல் அவிப்பதும், உலர்த்துவதும், குத்துவதும், புடைப்பதும் பெண்களின் வேலையாக இருந்தன. கைகாப்புக் காய்க்கும் வேலைதான். உலக்கை பிடித்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் அந்த வேலைக்குக் கிடைத்த நொய்யும் கூலியும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய உதவின. ஆலை வந்தது, உலக்கை ஓய்ந்தது. முதுகு வலி போயிற்று. கூடவே அந்தக் காசும் போயிற்று. அதற்குப் பதில் என்ன என்று அந்த நாளில் அதிகம் பேர் கேட்கவில்லை.

இப்போது கொஞ்சம் கேட்கிறார்கள். திருவாரூரில் பிறந்த அந்த மையம் தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலைக்குக் குடிபெயர்ந்து, நெல்லோடு நில்லாமல் மற்ற விளைபொருள்களையும் எடுத்துக்கொண்டது. 2017-ல் பெயர் மாறி, 2021-ல் மறுபடி மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகப் பட்டமும் கொடுக்கிறது. அங்கே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள், சொந்தமாக இயந்திரம் வாங்குமுன் நிறுவனத்தின் இயந்திரத்திலேயே செய்து பார்க்கலாம், பண்டத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்துக்கு யோசனை சொல்லும் பொறுப்பும் இதற்கு வந்தது. அந்தத் திட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை மூலதனம் என்று வைத்தார்கள். இயந்திரச் செலவில் நூற்றுக்கு 35 மானியம், 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல்.

ஊறுகாயும் வடாமும் சத்துமாவும் நம் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுக்குத் தெரியாதது, அதே ருசி ஆறு மாதம் கெடாமல் இருப்பது எப்படி, பொட்டணத்தின்மேல் என்ன அச்சிட வேண்டும், யாரிடம் விற்பது என்பவைதான். அதைச் சொல்லித் தர ஓர் ஆராய்ச்சிக்கூடம் கதவைத் திறந்து வைத்திருக்கிறதென்றால், டெல்டாவில் இருக்கும் சகோதரிகள் கூச்சப்படாமல் உள்ளே போய்க் கேட்கலாம்.

★

இனி, கதையின் கசப்பான பாகம்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும், ஐப்பசி வந்தால் டெல்டாவில் நெல் நனைகிறது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்பது விதி. மழைக்காலத்து நெல் அதற்கு மேலேதான் இருக்கும். விதியைத் தளர்த்தும்படி சென்னையிலிருந்து டில்லிக்குக் கடிதம் போகும். பரிசோதிக்க அதிகாரிகள் வருவார்கள். அதற்குள் வாசலில் கிடக்கும் மூட்டைகளில் முளை வந்துவிடும். தார் ரோட்டில் ஒரு பாதியை மறித்து நெல் காய்வதைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

போதாக்குறைக்கு அறுவடை இயந்திரம் வந்திருக்கிறது. ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் முன்பெல்லாம் அறுத்த கதிர் வயலில் கிடந்தும் போரில் இருந்தும் கொஞ்சம் உலரும். இப்போது நின்ற பயிர் ஒரு மணி நேரத்தில் ஈர நெல்லாக வண்டியில் கொட்டுகிறது. ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் அறுப்பு முடிந்து, நெல் முழுவதும் ஒரே வாசலில் வந்து நிற்கிறது. மறுபடியும் பாருங்கள், ஒரு சௌகரியத்தின் வாலில் ஒரு தொல்லை!

நெல் உலர்த்துவது எப்படி என்பது இன்று தெரியாத விஷயமில்லை. இயந்திரங்களும் இருக்கின்றன. ஆனால் உலர்த்தும் இயந்திரம் வருஷத்தில் சில வாரங்கள்தான் வேலை செய்யும். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். தனி ஆள் அதை வாங்கினால் கட்டாது. அப்படியானால் யார் வாங்குவது? கூட்டுறவுச் சங்கமா, கொள்முதல் நிலையமா, ஊரார் கூடியா? களத்துக்குக் கூரை போடுவது யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்குக் கண்ணாடிக் குழாயில் பதில் கிடைக்காது. ரேடியோ நெல்லுக்கு விதைப் பண்ணை, உரக் கடன், வானொலி என்று பலர் தோள் கொடுத்தார்கள். அதனால் அது ஆடுதுறையிலிருந்து கடைசி மடை வரை போய்ச் சேர்ந்தது. உலர்த்தும் வித்தைக்குத் தோள் கொடுக்க அத்தனை பேர் வரவில்லை. அதனால் அது பாதி வழியில் நிற்கிறது.

ஆகவே, ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஒரு சீமையை வளர்க்குமா என்று யாராவது உங்களைக் கேட்டால், கட்டடத்துக்கு எத்தனை மாடி என்று பார்க்கப் போகாதீர்கள். ஐப்பசி மாதத்தில் ஒரு மழை நாள் பார்த்துக் கொள்முதல் நிலையத்தின் வாசலுக்குப் போங்கள். முளைவிட்ட மூட்டைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை வருஷா வருஷம் குறைந்துவந்தால், வெள்ளை அங்கிக்காரரும் மந்திரியும் குடியானவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். குறையவில்லை என்றால், அவர்களை ஒரே இடத்தில் உட்காரவைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு அதே சுப்பிரமணியனைப் போல, உப்பையும் உமியையும் ஒன்றாய்ச் சேர்க்கத் தெரிந்த யாராவது வந்தாக வேண்டும்.